வேடந்தாங்கல் ஏரியும் ஆயக்கட்டுக் குடியானவர்களும்

ஓர் ஏரியினால் ஊருக்கு விளையும் நன்மைகள் எவையென்று குடியானவர் ஒருவரைக் கேட்டால், பாய்ச்சலுக்கு ஜலம், நிலத்துக்கு வண்டல், கிணறுகளுக்கு ஊற்று, ஏலத்துக்கு மீன் என்று நான்கினைத் தயக்கமின்றிச் சொல்லுவார். ஐந்தாவதாகவும் ஒரு நன்மை உண்டென்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஏரியினுள் நிற்கும் மரங்களில் கூடுகட்டி வாழும் நீர்ப்பறவைகள் வருஷந்தோறும் இடும் எச்சமே அது. இந்த எருவின் அருமையை உணர்ந்து, அதனைத் தரும் பறவைகளை இருநூறு வருஷங்களுக்கு மேலாகத் தாமே காத்து வருபவர்கள் செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலுகாவிலுள்ள வேடந்தாங்கல் கிராமத்தார். அவர்கள் செய்துவரும் காரியத்தின் தன்மையையும், அதனால் பயிருக்கு உண்டாகும் பயனையும், அதில் எழும் சங்கடங்களையும், அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஏரியின் இயல்பு

தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வேடந்தாங்கல் ஏரியும் சிறியதே. அதன் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 74 ஏக்கர். இது சென்னையிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. வடகிழக்குப் பருவமழையே இதற்கு ஆதாரம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து ஏரி நிறையுமானால், ஏரியின் உட்புறத்தில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களும் கருவேல மரங்களும் அடிமரம் வரை ஜலத்தில் மூழ்கி நிற்கும். நீர்க்கடம்பு பல மாதங்கள் வெள்ளத்தில் நின்றாலும் அழுகிப் போகாத மரம்.

இம்மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, சாம்பல் நாரை, வக்கா, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா முதலிய பறவைகள் கூட்டங்கூட்டமாய்க் கூடுகட்டுகின்றன. இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் யாவும் வெளிநாட்டிலிருந்து வந்து குஞ்சு பொரிப்பவை என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலியவை வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து வருபவை. அவை இங்கு இரை தேடித் தங்கிச் செல்லுமேயன்றிக் கூடுகட்டுவதில்லை. கூடுகட்டுபவை மேலே சொன்ன நாரை, நீர்க்காக இனங்களே. அவை நம் நாட்டுப் பறவைகள். ஜலம் உள்ள இடம் பார்த்து இடம் மாறுபவை. ஆதலின் ஏரியில் ஜலம் நின்றால் வரும், நில்லாவிட்டால் வேறிடம் போகும்.

குடிகள் பெற்ற கவுல்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியின் சிப்பாய்கள் இவ்வேரியில் பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர் என்றும் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் செங்கற்பட்டுச் சீமைக்குக் கலெக்டராயிருந்தவர் லயனல் பிளேஸ் என்பவர். ஏரியின் பறவைகளை ஒருவரும் துன்புறுத்தலாகாதென்றும், அவற்றைக் காக்கும் உரிமை கிராமத்தாருக்கு உண்டென்றும் 1798-ஆம் வருஷத்தையொட்டி அவர்களுக்கு ஒரு கவுல் கிடைத்தது. 1858-ஆம் வருஷத்தில் அக்கவுல் புதுப்பிக்கப்பட்டது. பின்னர் 1936-இல் ஜில்லா நிர்வாகமும் இதனைப் பறவைகளின் புகலிடமாக ஏற்றுக்கொண்டது. வனவிலங்குகளைக் காக்கும் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டபின், 1998-ஆம் வருஷத்து அறிவிப்பின்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லையாயிற்று. 2020-இல் இவ்வெல்லையைச் சுருக்க ஒரு யோசனை எழுந்தது. பலத்த ஆட்சேபணையின் பேரில் அது நிறைவேறவில்லை. 2022-இல் வேடந்தாங்கலும், அண்டையிலுள்ள கரிக்கிலி ஏரியும், உலக நாடுகள் 1971-இல் ராம்சார் நகரிற் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி முக்கிய ஈரநிலங்களின் ஜாபிதாவிற் சேர்க்கப்பட்டன.

இவ்வரலாற்றிற் குடியானவர்கள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சட்டம் பின்னால் வந்தது. ஊர்க் கட்டுப்பாடு முன்னால் இருந்தது. சர்க்கார் உத்தரவுக்காகக் காத்திராமல், தங்கள் வயலுக்கு எது நன்மையென்று அறிந்து, மரம் வெட்டுவதையும், கூட்டைக் கலைப்பதையும், பறவை பிடிப்பதையும் ஊரார் தாமே விலக்கினர். பறவைகள் அஞ்சிக் கலையுமென்று தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை.

எச்சம் எருவாகும் விதம்

பறவைகள் மலத்தையும் சிறுநீரையும் வெவ்வேறாகக் கழிப்பதில்லை. எச்சத்தில் வெண்மையாகத் தோன்றும் பகுதியே அவற்றின் சிறுநீர்ப் பொருள். அதற்கு யூரிக் அமிலம் என்று பெயர். இதில் தழைச்சத்து மிகுதி. எச்சம் ஜலத்தில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் இதனைச் சிதைத்து, முதலில் அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்விரண்டு உருவங்களிலும் நெற்பயிர் தழைச்சத்தை வேரால் உறிஞ்ச வல்லது. நைட்ரேட்டு ஜலத்தில் எளிதிற் கரைந்து மதகு வழியாக வயலுக்குப் போய்ச் சேரும். எச்சத்திலுள்ள மணிச்சத்தோ பெரும்பகுதி சேற்றுடன் சேர்ந்து ஏரியின் அடியிலேயே படிந்துவிடும். அதாவது, தழைச்சத்து ஜலத்தோடும் மணிச்சத்து வண்டலோடும் இருக்கின்றன.

இந்த எரு எங்கிருந்து வருகிறதென்பதும் அறியற்பாலது. பறவைகள் ஏரியில் மட்டும் மேய்வதில்லை. சுற்றுப்புறத்துக் குளங்களிலும் நெல்வயல்களிலும் நத்தை, நண்டு, மீன், தவளை, பூச்சி முதலியவற்றைத் தின்று, கூட்டுக்குத் திரும்பி ஏரியில் எச்சமிடுகின்றன. ஆகவே பல கிராமங்களிற் சிதறிக் கிடக்கும் சத்தினை ஓரிடத்திற் கொண்டுவந்து குவிக்கும் கூலியில்லா வேலையாட்கள் இவை. இத்துடன், நத்தைக்குத்தி நாரை வயலில் நத்தையையும், வரப்பைத் துளைக்கும் நண்டையும் தின்பதால், எரு தருவதற்கு முன்னரே ஓர் உபகாரம் செய்துவிடுகிறது.

காலக் கணக்கு

எருவின் அளவினும் அது வரும் காலமே குடியானவர்கள் முக்கியமாய் நினைவில் வைக்க வேண்டியது. ஐப்பசி மழையில் ஏரி நிறையும்போது ஜலம் புதியது; அப்போது பறவைக் கூட்டமும் குறைவு. மார்கழி, தை மாதங்களில் கூடுகள் நிறைந்து, குஞ்சுகளும் பொரித்தபின் எச்சம் மிகும். ஆகவே சம்பாப் பயிருக்கு நடவுக் காலத்தில் இந்த எரு சொற்பமே. கதிர் வரும் தருணத்திலேயே சத்து நிறைந்த ஜலம் பாய்கிறது. நவரைப் பயிருக்கோ தொடக்கம் முதலே கிடைக்கிறது.

இதனைக் கணக்கிற் கொள்ளாமல் மற்ற ஊராரைப்போல யூரியாவை முழு அளவும் இடுவோர் பணத்தை வீணாக்குவதோடு தீமையையும் விலைக்கு வாங்குகின்றனர். எங்ஙனமெனில், தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாய்ச் செழித்துத் தோன்றும், ஆனால் தாள் மெலிந்து சாயும், குலைநோய் பற்றும், தூரின் அடியில் புகையான் பெருகும். புகையானைக் கண்டதும் குடியானவர் மருந்து தெளிக்க ஓடுகிறார். சில மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்தி முதலிய நன்மைப் பூச்சிகளை முன்னதாகக் கொன்றுவிடுவதால், சில நாட்களில் புகையான் முன்னிலும் அதிகமாகிறது. தெளித்த மருந்து வயல் ஜலத்திற் கலந்து, நத்தையிலும் நண்டிலும் மீனிலும் சேர்ந்து, அவற்றைத் தின்னும் நாரைக்கும், அது ஊட்டும் குஞ்சுக்கும் போய்ச் சேருகிறது. எரு தரும் பறவைக்கு இவ்வாறு கேடு விளைவதற்கு மூலகாரணம், வேண்டாத வேளையில் இட்ட ஒரு மூட்டை யூரியாவாகும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. மண் பரிசோதனை செய்யாதவிடத்துக் குறுகிய காலப் பயிருக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்பது பொதுவான சிபாரிசு. இதனை நான்கு பாகமாகப் பிரித்திட்டால் ஒரு பாகம் ஏக்கருக்கு ஏறக்குறைய 26 கிலோ யூரியா ஆகும். நடவுக்குப் பிந்திய பாகங்களை நாள் கணக்குப்படி இடாமல், இலை வண்ண அட்டையைக் கொண்டு பார்த்தே இடவேண்டும். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலை வேளையில், வயலிற் பத்து இடங்களில் முழுவதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெயில் இலையின்மேல் நேரே படாதபடி முதுகால் மறைத்துக்கொள்ளுதல் நலம். பத்தில் ஆறு இலைகளுக்கு மேல் 4-ஆம் எண் நிறத்துக்குக் குறைந்திருந்தால் மட்டும் ஒரு பாகம் இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண்ணே போதும். நிறம் குறையாதவரை ஏரி ஜலமே எருவிடுகிறதென்று கொண்டு கையைக் கட்டிக்கொள்வதே சரி. தலைமடை வயலுக்கும் கடைமடை வயலுக்கும் வரும் சத்து ஒன்றுபோல் இராது; ஆகையால் ஒவ்வொருவரும் தம் வயலைத் தாமே பார்த்தறிய வேண்டும்.

நவரைப் போகமும் குஞ்சுகளும்

இனி, இவ்வூராரின் மெய்யான சங்கடத்துக்கு வருவோம். கூடு தாங்கும் மரத்தின் அடியில் ஜலம் நிற்பது பறவைக்கு ஒரு கோட்டை அகழியைப் போன்றது. பூனை, நரி முதலியன மரத்தை நெருங்கமாட்டா. மனிதரும் எளிதில் ஏறமாட்டார்கள். ஜலம் வற்றி அடிமரம் வெளிப்பட்டால் பறவைகள் அஞ்சி, முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் போவதுண்டு. குஞ்சுகள் பறக்கத் தேறுவதற்குப் பங்குனி வரையிலும் ஜலம் வேண்டும். நவரைப் போகத்துக்கு ஜலம் இழுக்கும் காலமும் அதுவே.

இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம். நெற்பயிர் ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் ஜலம் கேட்கும். நவரைக் காலத்தில் மழை சொற்பமாதலால் அதனை முற்றும் ஏரியே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,860 கன மீட்டர் ஆகிறது. 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரியில் இது சுமார் 1.6 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சமம். 100 ஏக்கரில் நவரை நட்டால் ஏரியின் மட்டம் 160 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். வெயிலில் ஆவியாவது தனி. ஜலம் இறங்க இறங்க நீர்ப்பரப்பும் சுருங்குமாதலால், பிந்திய பாய்ச்சல்களில் மட்டம் இன்னும் விரைவாக இறங்கும். குஞ்சுகள் கூட்டில் இருப்பதும் அந்த நாட்களிலேயே.

அதே 100 ஏக்கரில் உளுந்தோ பச்சைப்பயறோ விதைத்தால், 300 மில்லிமீட்டர் ஜலம் போதுமாதலால், மட்டம் சுமார் 40 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும். நெல்லே வேண்டுமென்போர் காய்ச்சலும் பாய்ச்சலுமாக ஜலம் கட்டி நான்கிலொரு பங்கு மிச்சம் பிடித்தாலும் 40 சென்டிமீட்டர் ஜலம் ஏரியில் நிற்கும். இதற்கு ஓர் எளிய கருவி உண்டு. துளையிட்ட குழாய் ஒன்றை வயலிற் பதித்து, அதனுள் ஜலம் தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபாய்ச்சல் கொடுக்க வேண்டும். நட்டு இரண்டு வாரமானபின் இதனைத் தொடங்கலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் ஜலம் நிற்க வேண்டும். கோ 51 போன்று 105 முதல் 110 நாட்களில் விளையும் இரகத்தைத் தேர்ந்தால் கடைசிப் பாய்ச்சல்களும் குறையும்.

ஆனால் ஒருவர் மட்டும் பயறு விதைத்து, அண்டை வயற்காரர் நெல் நட்டு மதகைத் திறந்துவைத்தால், மிச்சம் பிடித்தவருக்கும் பயனில்லை, பறவைக்கும் பயனில்லை. ஆதலின் இது தனி மனிதர் காரியமன்று, ஊர்க் காரியம். தை மாதத் தொடக்கத்திலேயே ஆயக்கட்டுதாரர்கள் கூடி, ஏரியில் நிற்கும் ஜலத்தை அளந்து, எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் பயறு, எந்த மட்டத்துக்குக் கீழே மதகை அடைப்பது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நீர்கட்டி ஒருவரே அத்தீர்மானத்தின்படி மதகைத் திறக்க வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் இதைச் செய்வது கஷ்டந்தான். 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை போலத் தவறிவிட்டால் நெல்லுக்கும் ஜலமில்லை, பறவைக்கும் ஜலமில்லை. ஆனால் நடுத்தரமான மழை பெய்யும் வருஷங்களே அதிகம். அவ்வருஷங்களில் குஞ்சு தேறுவதும் தேறாததும் ஊராரின் தீர்மானத்தைப் பொறுத்ததாகும்.

பிற ஊர்களின் அனுபவம்

திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரி தாலுகாவிலுள்ள கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பறவைகள் குளத்தில் மட்டுமன்றி, ஊருக்குள் வீட்டுக் கொல்லைகளிலுள்ள மரங்களிலும் கூடுகட்டுகின்றன. துர்நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு, பறவை வருவதை ஊருக்கு நல்ல சகுனமாக மதிக்கின்றனர் அவ்வூரார். மரத்தடியில் விழும் எச்சத்தை வாரி வயலுக்கு எருவாக இடுவதும் உண்டு. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுவோரும் அவ்வூரில் உண்டு.

சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிச் சரணாலயத்தையடுத்த கொள்ளுகுடிப்பட்டியார், தீபாவளிக்கு வெடி வெடிப்பதைப் பல வருஷங்களாகவே விட்டுவிட்டனர். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வனத்துறையார் இனிப்பு வழங்கிப் பாராட்டுவது வழக்கம். மூன்று ஊர்களிலும் காவலாளிகளின் எண்ணிக்கை சொற்பம். ஊர்க் கட்டுப்பாடே வேலியாக நிற்கிறது.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

முன்னாளிற் கர்ணமும் மணியக்காரரும் செய்துவந்த வேலை 1980-ஆம் வருஷத்துக்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலரைச் சார்ந்ததாயிற்று. அடங்கலில் போகமும் பாய்ச்சலும் எழுதுபவர் அவரே. ஆதலால் நவரைப் பரப்பு வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்பதை முதலில் அறியக்கூடியவரும் அவரே. இக்கணக்கை ஆயக்கட்டுக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுதல் பேருதவியாகும்.

வரத்துக்கால் ஆக்கிரமிப்பு இரண்டாவது விஷயம். ஏரிக்குள் மரம் காத்துப் பயனென்ன, ஏரிக்கு ஜலம் வரும் வழியை ஒருவர் வரப்பாக்கிக்கொண்டால்? மழைக்கு முன்பே கால்வாய்களை நடந்து பார்த்து, அடைப்பும் ஆக்கிரமிப்பும் இருந்தால் தாலுகாவுக்கு எழுத வேண்டும். குடிமராமத்து என்னும் பழைய ஏற்பாட்டுக்கு 2017-இல் மறுபடியும் உயிரூட்டப்பட்டது. பணம் வந்தாலும் வராவிட்டாலும், வரத்துக்காலைத் தூர்வாருவது ஆயக்கட்டுதாரர்களின் பழைய கடமையே.

மூன்றாவது, வண்டல். மற்ற ஏரிகளில் வட்டாட்சியரின் அனுமதி பெற்று வண்டல் எடுத்து நிலத்திலிடலாம். சரணாலய ஏரியிலோ 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு குறுக்கிடும். வனவிலங்குகளின் தலைமைப் பாதுகாவலரின் அனுமதியின்றி அங்கே எதையும் எடுக்கவோ, ஜலத்தின் போக்கை மாற்றவோ கூடாது. இதையறியாமல் வண்டி கட்டிப் போய் வழக்கில் அகப்படாதபடி குடிகளுக்கு முன்னரே எடுத்துரைப்பது கிராம அதிகாரியின் கடமை.

நான்காவது, பதிவேடு. 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு குழு அமைந்து, அவ்வூர் மரஞ்செடிகளையும் உயிர்களையும் பற்றிய பதிவேடு எழுத வேண்டும். ஏரி நிறைந்த நாள், பறவை வந்த நாள், கூடு கலைந்த நாள், மதகு அடைத்த நாள் ஆகிய நான்கையும் இதில் வருஷந்தோறும் குறித்து வந்தால், பத்து வருஷத்தில் அதற்கு ஈடான சாட்சி வேறு இராது. எல்லையைப் பற்றியோ ஜலத்தைப் பற்றியோ தகராறு வரும்போது ஊரின் பக்கம் பேசுவது அப்பதிவேடே.

சுருக்கம்

1. ஏரியிலும் கரையிலுமுள்ள நீர்க்கடம்பு, கருவேல மரங்களை வெட்டலாகாது. பட்டுப்போன மரத்துக்கு ஈடாக இளங்கன்று வைக்க வனத்துறையாரைக் கேட்க வேண்டும்.

2. மார்கழிக்குப் பின் இலை வண்ண அட்டையைப் பாராமல் யூரியா இடலாகாது.

3. நடவின்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டு நட்டால் காற்றும் வெயிலும் தூரிற் பட்டுப் புகையான் குறையும். புகையான் கண்டால் முதலில் வயல் ஜலத்தை வடித்துப் பார்க்க வேண்டும். மருந்து தவிர்க்கமுடியாததானால் வேளாண்மை விரிவாக்க மையத்தாரைக் கேட்டபின்பே தெளிக்க வேண்டும்.

4. தெளித்த வயலின் ஜலத்தைக் கால்வாயில் விடலாகாது. மருந்து டப்பாக்களை ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவலாகாது.

5. நவரையில் நெற்பரப்பை ஏரி ஜலத்துக்குத் தக்கபடி ஊரார் கூடிக் குறித்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய நிலத்தில் பயறு விதைக்கலாம்.

6. குஞ்சுகள் பறக்கும்வரை மரத்தடி ஜலம் வற்றாதபடி மதகின் மட்டத்தை முன்னரே முடிவு செய்து, அடையாளக் கல் நட்டுக்கொள்ள வேண்டும்.

ஏரியுள்ள மற்றக் கிராமத்தாரும் தங்கள் ஏரியினுள் நிற்கும் மரங்களையும், அவற்றில் வந்து தங்கும் பறவைகளையும் இவ்வருஷம் ஒருமுறை நேரிற் சென்று பார்த்து, அவை நிலைத்துத் தங்க வழியுண்டாவென்று ஆயக்கட்டுக் கூட்டத்தில் ஆலோசிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.